ஸ்நார்க்கல் மாட்டினால் வெள்ளத்தில் இறங்கலாமா?

#1 முடிச்சூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. மஹிந்திரா தார் ஜீப், டீசல், வைத்திருக்கிறேன். மூன்று கதவு, ஹார்டு டாப், ஃபோர் வீல் டிரைவ். வீடு முடிச்சூர் பக்கம், அடையாற்றுக்கு நடந்து போகிற தூரம்தான். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது எங்கள் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவை விட்டு வெளியே வர முடியவில்லை.

அம்மாவுக்கு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். தவறவிட முடியாது. இந்த வண்டியை வாங்கியதற்கு முக்கியக் காரணமே அதுதான். இப்போது ஒரு ஆக்சஸரி கடையில் ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கிற குழாய்) மாட்டித் தருகிறேன், பிறகு பானெட் வரை தண்ணீர் இருந்தாலும் கவலையில்லாமல் போகலாம் என்கிறார்கள். தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிற ஆழம் 650 மி.மீ. ஸ்நார்க்கல் போட்டால் அது எவ்வளவு கூடும்? மாட்டியவர்கள், தண்ணீரில் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வால்பாறை லோரேஞ்ச்

ஸ்நார்க்கல் நல்ல பொருள்தான், தயங்காமல் போடுங்கள். தூசியான பாதையில் ஏர் ஃபில்டருக்கும் நல்லது. ஃபோர்ஸ் குர்கா ஜீப்புக்குக் கம்பெனியே மாட்டித் தருகிறது.

ஓட்டுகிற முறை முக்கியம். இறங்கும் முன்பே நிறுத்தி லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற கியர் நிலை) போட்டுவிடுங்கள். இரண்டாவது கியர், சீரான ஆக்சிலரேட்டர், மனிதன் வேகமாக நடக்கிற வேகம். அந்த வேகத்தில் போனால் பம்பருக்கு முன்னால் ஒரு அலை எழும்பி, அதற்குப் பின்னால் என்ஜின் பக்கத்தில் தண்ணீர் மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்த அலையை முந்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள். எதிர்க்கரையில் எங்கே ஏறுவீர்கள் என்று முன்பே பார்த்து வையுங்கள். இழுவைக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி பானெட் மேல் போட்டுவிட்டு இறங்க வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு கொக்கியைத் தேடுவது நடக்காத வேலை.

கற்படுகை உள்ள மலை ஓடைகளில் இதெல்லாம் பழகினால் பயம் போய்விடும்.

#3 நீர்க்கணக்கு

முடிச்சூர் நண்பருக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஸ்நார்க்கல் போட்டாலும் உங்கள் 650 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. அது என்ஜின் மூச்சு இழுக்கிற வாயை மேலே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கடைக்காரர் என்ஜினைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் உங்களுக்கும் அம்மாவுக்கும் வருகிற ஆபத்து என்ஜின் நிற்பதால் மட்டும் வருவதில்லை.

நீரியல் படித்து அந்த வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தாரின் நீளம் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் சுமார் 1.8 மீட்டர். சக்கர இடைவெளிகளைக் கழித்தால் உடல் பகுதியின் அடிப்பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அந்த அடித்தளத்தைத் தொட்ட பிறகு, மட்டம் 10 செ.மீ. ஏறினால் 0.6 கன மீட்டர் தண்ணீரை வண்டி விலக்குகிறது. அதாவது 600 கிலோவைத் தண்ணீர் தூக்கிப் பிடிக்கிறது. வண்டியின் எடை 1,750 கிலோ என்றால் 30 செ.மீ.க்குள் கணக்கு முடிந்துவிடும். டயர்களும் காற்றுப் பைகள்தான். உங்கள் அளவு டயர் நான்கும் முழுசாக மூழ்கினால் 250 லிட்டருக்கு மேல் தண்ணீரை விலக்கும், அந்தத் தூக்கு விசையும் சேரும். கதவு ரப்பர் வழியாக உள்ளே தண்ணீர் புகுந்தால் தூக்குவது குறையும், உண்மை. ஆனால் புது வண்டியில் ரப்பர் நன்றாக இருக்கும், மெதுவாகத்தான் புகும். அதற்குள் மிதக்கத் தொடங்கியிருக்கும்.

முழுசாக மிதக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் பலர் யோசிக்காத இடம். டயர் தரையைப் பிடிப்பது வண்டியின் எடையால். எடையில் பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொண்டால் பிடிமானமும் பாதிதான். ஃபோர் வீல் டிரைவ், டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துச் சுற்ற வைப்பது), லோ ரேஞ்ச் எல்லாமே தரையில் எடை அழுத்துகிறது என்ற நம்பிக்கையில் வேலை செய்கிற சாதனங்கள். அந்த எடை போன பிறகு நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி எங்கேயும் போகாது. போனாலும் தண்ணீர் போகிற பக்கம்தான் போகும்.

இனி ஓட்டம். பக்கவாட்டில் தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடத்தில் நிஜ வண்டிகளையே தொட்டியில் இறக்கி அளந்தார்கள். 1.05 டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ், விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் வெறும் 15 செ.மீ. ஆழத்திலேயே நகர்ந்தது. 2.5 டன் நிசான் பேட்ரோல், அசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதே ஓட்டத்தில் 45 செ.மீ. ஆழத்தில் நிலை தடுமாறியது. 95 செ.மீ. ஆழத்தில் மிதந்தேவிட்டது. விநாடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கி.மீ., சாதாரண நடை வேகம். பேட்ரோல் உங்கள் தாரைவிட முக்கால் டன் கனம்.

650 மி.மீ. என்பது தெரிந்த ஆழத்தில், உறுதியான தரையில், ஓட்டமில்லாத தண்ணீரில் மெதுவாகப் போவதற்கான அளவு. லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ. என்று போட்டிருப்பார்கள், அதுவும் அப்படித்தான். வெள்ளத்துக்கு எந்தக் கம்பெனியும் அளவு கொடுக்கவில்லை.

#4 வால்பாறை லோரேஞ்ச்

கணக்கெல்லாம் சரி சார், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குழுவில் ஆண்டுக்கணக்கில் மழைக்கால ஓடைகளைக் கடந்துகொண்டுதான் இருக்கிறோம். பம்பருக்கு மேல் தண்ணீர் ஏறியும் பத்திரமாகக் கரையேறியிருக்கிறோம். 2018 கேரள வெள்ளத்தில் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்காரர்கள் எத்தனை பேருக்கு உதவினார்கள்! இறங்கவே கூடாது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் வித்தியாசம் உண்டு.

#5 ஏரல் வாழைத்தோட்டம்

அண்ணே, மலை ஓடை வேறு, வெள்ளம் வேறு. நாங்கள் 2023 டிசம்பரில் பார்த்தோம்.

17-ஆம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. ஒரு வருடத்துக்குப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் இறங்கிவிட்டது. தாமிரபரணியும் நிறைந்து, குளங்கள் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தன. ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்தில் போய் விழும், அதுவும் தாங்காது. இதில் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்று ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கே தெரியவில்லை. முழங்கால் அளவு நின்ற தண்ணீர், வீட்டுக்குள் போய்ச் சாமானை மேலே ஏற்றிவிட்டு வருவதற்குள் இடுப்புக்கு வந்தது.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். சுமார் 800 பயணிகள். அந்தப் பாதையில் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சாலைக்கும் அதுதான் நடந்தது, ஆனால் தண்டவாளம் மாதிரி அது கண்ணுக்குத் தெரியாது. சாலைக்கு மேல் தண்ணீர் வழிந்து ஓடும்போது அந்தப் பக்கம் விழுகிற இடத்தில் கரை அரிக்கும். அரிப்பு அடியிலேயே உள்ளே வரும். மேலே சாலையின் தார்ப் பூச்சு மட்டும் பலகை மாதிரி நிற்கும். மேலிருந்து பார்த்தால் சிவப்புத் தண்ணீர் ஒரே மட்டமாக ஓடுகிறது, இருபுறமும் புளியமரம் நிற்கிறது, அதனால் சாலை இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. நல்ல மனதோடு வந்த பையன்கள். தண்ணீரைக் கடந்து வருகிறோம் என்று நின்றார்கள். எங்கள் பெரியவர் ஒருவர் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு விடவே இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் லாரி இறங்குகிற அளவுக்குப் பள்ளம். ஓட்டுகிறவன் எவ்வளவு பழகியவனாக இருந்தால் என்ன, இல்லாத சாலையில் எப்படி ஓட்டுவான்?

எங்களுக்கு உதவியது படகும் ஹெலிகாப்டரும். தண்ணீர் நின்று அடங்கிய பிறகு டிராக்டர். அந்த வரிசை மாறக் கூடாது.

#6 வேளச்சேரி மாடிவீடு

நின்ற தண்ணீரில் போகலாம் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படிக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும். பெரிய வண்டி ஒன்று வேகமாகப் போனால் அந்த அலை நேராக வீட்டுக்குள் வரும். கீழ்வீட்டு அம்மா மணல் மூட்டை போட்டு, துணியால் அடைத்து, ராத்திரி முழுக்கக் காத்த வீடு ஒரே வண்டியால் நனைந்தது. இரு சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் அலையில் சாய்ந்து விழுகிறார்கள். அவசரம் இல்லாமல், வண்டியின் பலத்தைப் பார்க்க வருகிறவர்களும் இருக்கிறார்கள், மேலே ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டு. தயவுசெய்து வராதீர்கள்.

#7 பட்டறை மணி

முப்பது வருடமாக டீசல் வேலை பார்க்கிறேன். என்ஜின் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் 2.2 லிட்டர் டீசலில் ஒரு சிலிண்டர் சுமார் 546 சி.சி. காற்றை அது பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வரும்போது மிச்சம் இருக்கிற இடம் 36 மி.லி. மட்டுமே. அந்த இடத்தை விட அதிகமாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏற முடியாது, தண்ணீரை நெருக்கிச் சுருக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கிற வேகத்தில், பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். பெட்ரோலுக்கும் இது உண்டு, டீசலில் இடம் இன்னும் குறைவு.

பல வண்டிகளில் காற்று இழுக்கிற வாய் கிரில்லுக்குப் பின்னால் அல்லது ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும். ஸ்நார்க்கல் அதை மேலே ஏற்றும் என்பது சரி. ஆனால் கடையில் மாட்டுவதில் பாதி, பார்வைக்கு மாட்டுவது. உள்ளே ஏர் ஃபில்டர் பெட்டி வரை ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே குழாய் வைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக ஏறும். சரியாக மாட்டியதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது மேல் வாயைக் கையால் இறுக்கி மூடினால் என்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு எங்கோ இழுக்கிறது என்று அர்த்தம்.

ஸ்நார்க்கலைவிட நான் முதலில் பார்ப்பது ப்ரீத்தர் குழாய்களை. முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) எல்லாவற்றுக்கும் மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கினால் எங்கிருந்தாவது இழுக்கும், ப்ரீத்தர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ. அப்புறம் கியர் ஆயிலைத் திறந்து பார்த்தால் பால் கலந்த காபி நிறத்தில் வரும். உடனே தெரியாது. சில மாதம் கழித்து பேரிங் சத்தம் போடும்போதுதான் தெரியும்.

இன்னும் இருக்கிறது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏ.பி.எஸ். சென்சார், சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குக் கீழேயும் இருக்கிற மின்னணுப் பெட்டிகள், ஒயரிங் இணைப்புகள். பழைய ஜீப்பில் இதெல்லாம் கிடையாது. இப்போதைய வண்டியில் இருக்கைக்குக் கீழே ஒரு இணைப்பு நனைந்தால் என்ஜின் நன்றாக இருந்தும் வண்டி நிற்கும். ரேடியேட்டர் விசிறி தண்ணீரில் வேகமாகச் சுற்றினால் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எனக்கு வருகிற வளைந்த ராட்களில் பெரும்பாலானவை நின்றபோது வளைந்தவை இல்லை. நின்ற பிறகு நாலு தடவை சாவியைத் திருப்பியதில் வளைந்தவை.

#8 புதுக்கோட்டை தேவா

இங்கே எல்லோரும் ஆற்றையும் ஓடையையும் பேசுகிறீர்கள். ஊருக்குள் ஆளைக் கொல்கிறது சுரங்கப்பாதை.

எங்கள் மாவட்டத்தில் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் 2021 செப்டம்பரில் தேங்கிய மழைத்தண்ணீரில் கார் மாட்டி ஒரு அரசு மருத்துவர் இறந்தார். வெள்ளமும் இல்லை, ஆறும் இல்லை, ஒரு மழை. 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு இளம்பெண். 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் எக்ஸ்.யூ.வி. 700-ல் வந்த இரண்டு பேர். அதுவும் கனமான, உயரமான வண்டிதான்.

சுரங்கப்பாதையில் தண்ணீர் எப்போதும் சமமட்டமாகத்தான் தெரியும், ஆனால் தரை இறங்கிக்கொண்டே போகும். முதல் பத்து மீட்டரில் டயர் பாதி நனையும். சரி, போய்விடலாம் என்று தோன்றும். நடுவில் ஆள் உயரம். சென்னையில் துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் தடுப்பு வைத்தால் அது உங்கள் வண்டிக்கும் சேர்த்துத்தான்.

#9 முடிச்சூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்கிற கேள்வி: மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது? பின் சீட்டில் அம்மா இருந்தால்?

#10 நீர்க்கணக்கு

கேட்டது நல்லது. மூன்று கதவு ஹார்டு டாப்பில் இதை வாங்கும்போதே யோசித்திருக்க மாட்டோம். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. அந்த சீட்டின் பக்கக் கண்ணாடிகள் இறங்காது. முன் சீட்டை மடக்கித்தான் வர வேண்டும், அல்லது பின்பக்கக் கண்ணாடி வழியாக. வயதான, டயாலிசிஸ் முடிந்து களைத்திருக்கிற ஒருவர் தண்ணீர் ஏறுகிற வண்டியில் இரண்டையும் செய்ய முடியாது. அதனால் மழை நாளில் அம்மா முன் சீட்டில்தான் உட்கார வேண்டும்.

கதவைத் திறக்கலாம் என்று எண்ணாதீர்கள். கதவின் கீழ்விளிம்புக்கு மேல் 60 செ.மீ. தண்ணீர் வெளியே நின்று, உள்ளே காலியாக இருந்தால், ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் சுமார் 180 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். திறக்க வராது. எனவே கண்ணாடி. தண்ணீர் அருகே வரும்போதே முன் கதவுக் கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும், மழை உள்ளே அடித்தாலும் பரவாயில்லை. பவர் விண்டோ தண்ணீர் பட்ட உடனே நின்றுவிடாது, ஆனால் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று நம்பி உட்கார முடியாது. வண்டி மிதக்கிற உணர்வு வந்தால், அதாவது ஸ்டீயரிங் திடீரென்று லேசானால், அந்தக் கணமே பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடி வழியாக வெளியே. குழந்தைகளை முதலில் அனுப்ப வேண்டும். போன் செய்வதெல்லாம் கூரை மேல் ஏறிய பிறகு.

கண்ணாடி உடைக்கிற சிறு சுத்தியல் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள், டேஷ்போர்டு அறைக்குள் வேண்டாம். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் உள்ளது, அது உடைந்தாலும் வழி விடாது. சீட்டின் தலைச்சாய்வைக் கழற்றி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கழற்றுவதற்குள் நேரம் போய்விடும்.

#11 கிளெய்ம் பார்த்தவன்

காப்பீட்டுத் துறையில் இருந்தவன், ஒரு விஷயம். முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் வரும். ஆனால் தண்ணீர் இழுத்து என்ஜின் போனால் அதைத் தொடர்விளைவுச் சேதம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருகிற சேர்க்கை) எடுத்திருக்கிறேன், போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அது வேறு, இது வேறு. பாலிசியைப் புதுப்பிக்கும்போதே பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததாகத் தெரிந்தால் அதையே காரணம் காட்டி மறுக்க இடம் உண்டு.

ஸ்நார்க்கலை வெளியே மாட்டினால் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. வாரண்டி விஷயத்தையும் மாட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

#12 வால்பாறை லோரேஞ்ச்

ஏரல் நண்பர் சொன்ன அந்தச் சாலைப் பள்ளம் மனதை விட்டுப் போகவில்லை. ஓடையில் நாங்கள் இறங்கும் முன் ஒருவர் கோல் ஊன்றி நடந்து பார்ப்போம். அடியில் கல் தெரியும், ஆழம் தெரியும், எதிர்க்கரை தெரியும். மேலே மழை பிடித்தால் இறங்க மாட்டோம். வெள்ளத்தில் இதில் எதுவுமே கைக்கு வராது என்பது உண்மைதான். ஊருக்குள் நடந்து பார்க்கச் சொல்லவும் முடியாது, மூடி இல்லாத மேன்ஹோலும் அறுந்த மின்கம்பியும் இருக்கிறது.

நின்ற தண்ணீர், தினமும் ஓட்டுகிற தெரு, ஓட்டம் இல்லை. இந்த மூன்றும் இருந்தால் மட்டும் போகலாம் என்று நான் இன்னும் சொல்வேன். அதற்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டயரின் மொத்த உயரம் 79 செ.மீ. 650 மி.மீ. என்றால் டயரில் எண்பது சதவீதத்துக்கு மேல் மூழ்கிவிடும். அது எல்லை, இலக்கு இல்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கிற தொப்பி சுமார் 39 செ.மீ. உயரம். அந்தத் தொப்பி மூழ்கினால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்யுங்கள். தெருவில் எந்த விளக்குக் கம்பத்தில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் அந்த அளவு என்று வெயில் காலத்திலேயே பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். தண்ணீர் வந்த பிறகு வண்டியை இறக்கி அளக்க வேண்டியதில்லை, மாடியிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் நானும் இறங்க மாட்டேன். அடையாற்றில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைத் திறந்தால் பேச்சே இல்லை. 2015-ல் அந்த ஏரியிலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி வந்த ஆறு அது.

#13 டயாலிசிஸ் செவிலியர்

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இழையின் மையக் கேள்வி அம்மாவின் டயாலிசிஸ் என்பதால் எழுதுகிறேன்.

ரெட் அலர்ட் பெரும்பாலும் முன்கூட்டியே வருகிறது. அறிவித்த அன்றே உங்கள் மையத்துக்குப் போன் செய்து அடுத்த முறையை முன்னால் இழுக்க முடியுமா என்று கேளுங்கள். மழைக் காலத்தில் பல மையங்கள் இப்படி மாற்றித் தர முயல்கின்றன, நோயாளி கேட்டால்தான் தெரியும். அதைவிட நல்லது, மையத்துக்கு நடக்கிற தூரத்தில் மேடான இடத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் அந்த நாலைந்து நாள் தங்க வைப்பது. வேறு இரண்டு மையங்களின் எண்ணும், அம்மாவின் கடைசி ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ் குறிப்பு ஆகியவற்றின் நகலும் பிளாஸ்டிக் உறையில் தயாராக இருக்கட்டும். புது மையம் இவற்றைக் கேட்கும்.

தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அன்றிலிருந்தே தண்ணீர், உப்பு, பொட்டாசியம் குறைக்க வேண்டும். இளநீர், வாழைப்பழம், பழச்சாறு வேண்டாம். வெள்ள முகாம்களில் முதலில் கையில் கொடுப்பது வாழைப்பழம்தான், அம்மாவிடம் சொல்லி வையுங்கள். எவ்வளவு குறைப்பது, அவசரத்துக்கு என்ன மருந்து வைத்திருப்பது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், கைகால் தளர்ந்தால் காத்திருக்கக் கூடாது. 108 அல்லது மாவட்டப் பேரிடர் எண் 1077. டயாலிசிஸ் நோயாளி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

#14 முடிச்சூர்க்காரன்

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் புரிகிறது. தங்கை வீடு குரோம்பேட்டையில், மேடான பகுதி. மையமும் அந்தப் பக்கம்தான். அலர்ட் வந்தால் அம்மா அங்கே போய்விடுவார், தாரும் அங்கேயே நிற்கும். ஸ்நார்க்கலுக்கு ஒதுக்கிய பணத்தில் ப்ரீத்தர் குழாய்களை மேலே ஏற்றவும், என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுக்கவும் நினைக்கிறேன். மணி அண்ணே, ஒரு கேள்வி மட்டும். வண்டியை நகர்த்த முடியாமல் போய், நிறுத்திய இடத்திலேயே தண்ணீர் ஏறிவிட்டால் என்ன செய்வது?

#15 பட்டறை மணி

நல்ல முடிவு தம்பி. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே பேட்டரி நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஒயரிங்கில் மின்சாரம் இல்லாவிட்டால் இணைப்புகள் அரிப்பது பெரிதும் குறையும். நியூட்ரலில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறியது என்று போட்டோ எடுத்து வைத்தால் கிளெய்முக்கு உதவும்.

வடிந்த பிறகு சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்ப வேண்டாம். பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்கு வர வேண்டும், கட்டி இழுத்து வரக் கூடாது. வந்ததும் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்போம். நனைந்திருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றி, சிலிண்டரிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுவோம். பிறகு என்ஜின் ஆயில், இரண்டு ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றையும் வடித்து நிறம் பார்த்து மாற்ற வேண்டும். சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பெட்டிகளை உலர்த்த வேண்டும். வீல் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் தனியாக ஒரு நாள். புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஆக்சில் ஆயிலை இன்னொரு முறை திறந்து பாருங்கள், மூலையில் ஒட்டியிருந்த தண்ணீர் அப்போதுதான் கலந்து வரும்.

ப்ரீத்தர் வேலைக்கு ஐப்பசி பிறக்கும் முன் வந்துவிடுங்கள். அதற்கு அப்புறம் பட்டறையில் இடம் இருக்காது.